சின்னச் சொற்களால் பெண் கேட்ட விவரம்

மேலூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் சூரியபிரகாஷுக்கு உன் அம்மா முத்துத்தாய் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், இடது முழங்காலைத் தவிர. அது சுகமில்லை என்பதை அதுவே தினமும் சொல்லிக்கொள்கிறது, நான் வேறு எழுத வேண்டியதில்லை. அங்கே இங்கிலாந்தில் நீ சுகமாக இருப்பதை நீ போடும் படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கடைசிப் படத்தில் ஏதோ ஒரு ஏரிக்கரையில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாய், முகத்தில் நல்ல தெளிவு, அம்மாவுக்குப் போன் செய்ய நேரமில்லாதவன் முகம் மாதிரியே இல்லை. போன் இருக்கும்போது இது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன மாதம் பேச்சுவாக்கில் நீயே சொன்னாய், உன் வாய்ஸ் மெசேஜ எல்லாம் ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட்டித்தாம்மா கேப்பேன், இல்லாட்டி டைம் பத்தாது என்று. சந்தோஷம். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. நான் எழுதிய வேகத்தில்தான் நீ படித்தாக வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், உனக்குப் பிடித்த ஸ்பீடு அதில் இருக்கிறது, உள்ளே இருக்காது.

முதலில் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நீ ஃப்ரேயாவைக் கட்டிக்கொள்ளப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண் எனக்கு வணக்கம் அத்தை என்று தமிழில் எழுதி அனுப்புகிறது, நீ தம்ஸ் அப் அனுப்புகிறாய், இரண்டில் எது என் வயிற்றில் பிறந்தது என்று சில நாள் சந்தேகமாக இருக்கிறது. என் குறை வேறு. வருகிற வளர்பிறை முகூர்த்தத்தில் அவளுடைய அப்பா க்ளைவும் அம்மா ஜூடித்தும் லீட்ஸில் அவர்கள் வீட்டிலிருந்து வீடியோவில் வருவார்கள், நாம் இங்கே உன் மாமன் காசிமாயன் வீட்டில் தட்டு வைத்து முறைப்படி பெண் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாய். நல்ல ஏற்பாடு. அதற்குப் பிறகு எனக்கு ஒரு உத்தரவும் போட்டாய். அம்மா, நீ ஒண்ணும் பேச வேணாம், உன் இங்கிலீசு அவுங்களுக்குப் புரியாது, பேசாம சிரிச்சுக்கிட்டு மட்டும் இரு, மாமா சொல்றத சித்தார்த் இங்கிலீசுல சொல்லிருவான் என்றாய். காசிமாயனுக்கு அது வெல்லமாக இனித்தது. அவன் பையன் சித்தார்த் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பதற்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோசனம் கிடைத்தது. அதோடு விட்டானா, அக்கா, நான் சொல்றேன்னு ஒண்ணும் நெனச்சுக்கிராத, மச்சான் இல்லாத ஆளு நீயி, பொண்ணு கேக்குற எடத்துல மொதல்ல வாயத் தொறந்தா நல்லாருக்காது, தாய்மாமன் நான் கேட்டுக்கிறேன் என்றான். ஆக, உனக்கு என் இங்கிலீஷ் ஆகாது, அவனுக்கு என் நெற்றி ஆகாது. மாமனும் மருமகனும் இருபத்தொன்பது வருடத்தில் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனீர்களே என்று நானும் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

உன் அப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. உனக்குப் பீஸ் கட்டுவதற்கும், பாஸ்போர்ட்டுக்கும், விமானம் ஏற்றுவதற்கும் முதலில் வாயைத் திறந்தது எந்த நெற்றி என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் வீட்டில் உன் அத்தை அழுதிருப்பாள், வைத்த குழம்பு வீணாகப் போயிருக்கும்.

இனி என் இங்கிலீஷைப் பற்றி. தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்தாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். பத்திரம் மிஷினுக்குள் போய் வெளியே வருவதற்குள் ஒரு வரி படிக்கலாம், அப்படி வரி வரியாகச் சேர்த்தது என் இங்கிலீஷ். என்கம்பரன்ஸ் என்றால் வில்லங்கம் என்று நீ சட்டைப் பட்டன் போடத் தெரியாத காலத்திலேயே எனக்குத் தெரியும். லீகல் ஹேர், ஹியர் இன் ஆஃப்டர், நாட்வித்ஸ்டாண்டிங், எல்லாம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. அந்தத் தைரியத்தில்தான் பொங்கலுக்கு நீ அனுப்பிய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். க்ளைவும் ஜூடித்தும் அடுப்படியில் நின்று பேசுகிறார்கள், எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஒரு பெரிய வார்த்தைகூட இல்லை என்பதுதான் கேவலம். கெட், புட், டேக், கோ, கம், லுக், இவ்வளவுதான். ஐந்தாறு பாத்திரத்தை வைத்துக்கொண்டு கல்யாணச் சமையலை முடிக்கிற வீடு மாதிரி நடத்துகிறார்கள் அந்தப் பாஷையை. அதே சட்டியில் ரசம், அதே சட்டியில் பாயசம், மூடியை மாற்றினால் போதும். மூடிதான் அந்தச் சின்னச் சொற்கள், அப், டவுன், ஆன், ஆஃப், இன், அவுட், ஓவர். உலகத்தையே ஆண்ட ஜனங்களுக்கு நாலு பாத்திரம் சேர்த்து வாங்க முடியவில்லை.

சரி, படிப்போம் என்று உட்கார்ந்தேன். கறை விழுந்து வீணாய்ப் போன ஜெராக்ஸ் காகிதம் நம் கடையில் எப்போதும் இருக்கும், அதன் முதுகில் ஒரு வினைச்சொல்லை நடுவில் எழுதி, சுற்றி அந்தப் பொடிச் சொற்களை எழுதினேன், ஏழு மாதமாக. பெயர்ச்சொல்லும் அங்கே சும்மா நிற்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் இந்த வினைதான் ஜோடி என்று யாரோ எப்போதோ ஜாதகம் பார்த்து முடித்து வைத்திருக்கிறார்கள். முடிவை மேக் பண்ண வேண்டும், டூ பண்ணினால் சிரிப்பார்கள். குளியலை ஹேவ் பண்ண வேண்டும். ஏன் என்று சித்தார்த்திடம் கேட்டேன். அது அப்டித்தான் அத்தை என்றான். இஞ்சினியரிங் முடித்தவன் கொடுத்த விளக்கம். ரொம்பத்தான் கோபம் வந்தது, பிறகு யோசித்தால் நம் வீட்டு லட்சணமும் அதுதான். நாம் சண்டை போடுகிறோம், தூக்கம் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், எதை எங்கே போட்டோம் என்று யாராவது வெள்ளைக்காரன் கேட்டால் நானும் அது அப்படித்தான் என்றுதான் சொல்வேன். இதைச் சித்தார்த்திடம் ஒப்புக்கொள்ளவில்லை, நீயும் சொல்லாதே.

லுக் என்ற காகிதம் ஒன்று இருக்கிறது, உனக்காகவே எழுதியது மாதிரி. லுக் ஃபார் என்றால் தேடுவது, அது நான். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது, அதை நீ வேலைக்கான மனுவில் மட்டும் எழுதியிருப்பாய். லுக் டவுன் ஆன் என்றால் கீழாக நினைப்பது, அதற்கு உதாரணம் தேடி நான் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. ஊருக்கு வருவதை நீ இதுவரை மூன்று தடவை புட் ஆஃப் செய்திருக்கிறாய், கொரோனாவுக்கு ஒன்று, வேலை மாறியதற்கு ஒன்று, மூன்றாவதற்குக் காரணம் சொல்லவே இல்லை. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது, ஒரு வினைக்கு இரண்டு பொடி தேவைப்படுகிறது, அந்த வேலையின் பாரம் அப்படி. கால் பேக் என்றால் திரும்பக் கூப்பிடுவது. ஐ வில் கால் யூ பேக் அம்மா என்று வாரம் ஒரு தடவை சொல்கிறாய். அதில் கால் இருக்கிறது, யூ இருக்கிறது, அம்மாகூட இருக்கிறது, பேக் மட்டும் எந்த ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டதோ தெரியவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. பெண்ணை நான் கேட்டுவிட்டேன். நீ குறித்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்கவில்லை. முந்தாநாள் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு, உனக்கு அது மதியம், நீ ஆபீசில் இருந்தாய். ஏற்பாடு செய்து கொடுத்தது ஃப்ரேயா. அத்தை, நீங்களே கேட்டால் எனக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தது, அதுவே அம்மா அப்பாவிடம் நேரமும் சொல்லி வைத்தது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பே உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டாள், குடும்பம் நடத்துவாள், கவலைப்படாதே. கடையில் எனக்குக் கூட்டாளியாகப் பதினைந்து வருடமாக டைப் அடிக்கும் நம் பக்ருன்னிசாவின் போனில்தான் பேசினேன், என் போனில் கண்ணாடி உடைந்திருக்கிறது, முகம் இரண்டாகத் தெரியும், சம்பந்தி வீட்டுக்கு முதல் தரிசனம் அப்படி வேண்டாம். அவள் மதுரை கோரிப்பாளையத்திலிருந்து வரும்போதே தர்காவில் எனக்காகவும் ஒரு துஆ கேட்டுவிட்டு வந்தாளாம். போனை ஏ-ஃபோர் காகிதக் கட்டின் மேல் சாய்த்து வைத்து, அவர்கள் முகம் வந்ததும், பேசு முத்து, நான் இங்கனதான் இருக்கேன், பயப்படாத என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் போய்விட்டாள்.

ஏழு மாதம் படித்ததெல்லாம் அந்த நிமிடம் எங்கே போனதென்று தெரியவில்லை, இருபத்தாறு வருடம் படித்தது முன்னால் வந்து நின்றது. ரெஸ்பெக்டட் சார் அண்ட் மேடம், வித் ரெஃபரன்ஸ் டு தி சப்ஜெக்ட் சைட்டட் அபவ் என்று ஆரம்பித்துவிட்டேன். அபவ் என்றதும் க்ளைவ் ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டார். ஜூடித் சிரிக்கவில்லை, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பெரிய வார்த்தைகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டுச் சின்னச் சொற்களை எடுத்தேன். அங்கே ஆஸ்க் வேறு, ஆஸ்க் ஆஃப்டர் வேறு, ஆஸ்க் ஃபார் வேறு. பெண் எப்படியிருக்கிறாள் என்று விசாரிப்பது ஒன்று, பெண்ணைத் தாருங்கள் என்று கேட்பது ஒன்று, நடுவில் ஒரு பொடிச் சொல்தான் நிற்கிறது. அந்த ஃபார் என்ற சொல்லைத் தாலிக்கயிறு மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என் மகனுக்கு உங்கள் மகளைக் கேட்கிறேன் என்று சொன்னேன். உன் மாமன் பயந்த மாதிரி வானம் இடிந்து விழவில்லை. பவர் கட்கூட வரவில்லை. அதோடு உன் குணத்தையும் சொன்னேன். வேலையில் கெட்டிக்காரன், பொய் சொல்ல மாட்டான், ஆனால் நாளைக்கு என்று சொன்னால் அது எந்த நாளை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வில்லங்கச் சான்று கொடுக்காமல் நான் யாருக்கும் எதையும் கைமாற்றியதில்லை.

ஜூடித் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். பிறகு, அவளைக் கொடுக்க நாங்கள் யார், அவள் எங்கள் சொத்து இல்லையே என்று மெதுவாகச் சொன்னாள். இல்லை என்கிறாளா, சரி என்கிறாளா என்று முகத்தைப் பார்த்தால், நல்ல முகம், ஒன்றும் பிடிபடவில்லை. க்ளைவ் குறுக்கே வந்து, இப்படி எங்களிடம் யாரும் கேட்டதில்லை, நாங்கள் இரண்டு பேரும் டாக் இட் ஓவர் செய்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். அது என் காகிதத்தில் இருந்தது, கலந்து பேசுவது. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. பதில் வராமல் நிற்கிற நல்ல காரியம், அந்த இடத்தில் போகிறேன் என்று சொல்லலாமா, நீயே சொல். அதிலும் நான் சொல்லலாமா, ஏதாவது ஒன்று பிசகினால் காசிமாயன் என் நெற்றியைத்தான் காட்டுவான். ஆகவே நம் வழக்கப்படி, போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே இங்கிலீஷில், ஐ வில் கோ அண்ட் கம் என்று இரண்டு கையையும் குவித்துச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். போன் பக்ருன்னிசாவுடையது, அவள்தான் வைப்பாள் என்று நினைத்தேன். அவள் நான் வெளியே போய்விட்டு வந்து மறுபடி பேசுவேன் என்று நினைத்து, நடுவில் வரக் கூடாதென்று மிஷினோடு நின்றுவிட்டாள். நான் நேராகப் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்தேன். அங்கிருந்து பூக்காரி மலையம்மாளிடம் போய் உட்கார்ந்தேன். அவள் என்னக்கா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, யாரு என்ன சொன்னா என்றாள். ஒண்ணுமில்ல, பொண்ணு கேட்டுட்டு வாரேன் என்றேன். தனியாவா என்றாள். ஆமாடி, தனியாத்தான் என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு முழம் மல்லிகையைச் சுற்றி என் கையில் வைத்தாள்.

திரும்பிக் கடைக்கு வரும்போது வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். பத்திரம் எழுதுகிற அழகுமலை அண்ணன் என்னைப் பார்த்ததும், தங்கச்சி, சீக்கிரம் வா, போனுக்குள்ள ரெண்டு பேரு ஒக்காந்துருக்காக, எம்புட்டு காப்பி வேணும்னு கேட்டுட்டேன், பதில் சொல்ல மாட்டேங்குறாக, சிரிக்கத்தான் செய்றாக என்றார். எட்டிப் பார்த்தால் க்ளைவும் ஜூடித்தும். நாற்பது நிமிடம். க்ளைவ் இப்போதுதான் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர், நாற்காலியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். ஜூடித் கிழங்கு முழுவதையும் சீவி முடித்து, டீ போட்டு, இரண்டு கோப்பையும் காலியாகிவிட்டது. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏன் போனை வைக்கவில்லை என்று கேட்டேன். ஜூடித் சாதாரணமாகச் சொன்னாள், நீங்கள் வருவதாகச் சொன்னீர்களே என்று.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன், எங்கள் ஊரில் யாரும் போவதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம், அது ஒரு மரியாதை, திரும்பி வந்தாக வேண்டும் என்று இல்லை என்று. இதைச் சொல்ல எனக்குப் பெரிய வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை, கோ, கம், பேக், அவ்வளவுதான், சித்தார்த் இல்லாமலே புரிந்துகொண்டார்கள். க்ளைவ் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் உங்களுக்கு யார் நிஜமாக வருவார், யார் மரியாதைக்குச் சொல்கிறார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். என் காகிதங்களில் அதற்கு ஒன்றும் இல்லை. பிறகு அவர்கள் பதிலைச் சொன்னார்கள். நான் இல்லாத நாற்பது நிமிடத்தில் கலந்து பேசிவிட்டார்களாம். அவளைக் கொடுக்க எங்களால் ஆகாது, அவள் ஏற்கெனவே உங்களிடம் வர முடிவு செய்துவிட்டாள், ஆனால் நீங்கள் கேட்டதற்கு எங்கள் பதில் சரி என்பதுதான், சந்தோஷமாகச் சரி என்றார்கள். தை மாதம் க்ளைவுக்கு இடுப்பு நன்றாகிவிடும், வி வில் கம் ஓவர் என்றார்கள். கடல் தாண்டி வருவதற்கு ஒரு ஓவர் போதுமாம். நான் வாங்கி வந்த மல்லிகையைப் போனுக்குச் சுற்றி வைத்துவிட்டேன், பக்ருன்னிசா அழுதுகொண்டே, ஏண்டி முத்து, ஸ்பீக்கர் அடைக்குது, எடுடி என்றாள்.

காசிமாயனிடம் அன்றே போனில் சொன்னேன். தாய்மாமன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில நீயே கேட்டுப்புட்டியாக்கா, அப்ப நான் எதுக்கு என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். நேற்று சாயந்திரம் அவனே கூப்பிட்டு, சரி, அவுக என்னதான் சொன்னாக என்றான். சரின்னு சொன்னாக என்றேன். அப்பத் தட்டு நான்தான் எடுப்பேன், அதுலயும் வந்து நிக்காத என்றான். எடுத்துக்கொள்ளட்டும். விடுவதையும் கொடுப்பதையும் ஒட்டவைத்து விட்டுக்கொடு என்று ஒரு சொல்லை நம் ஆட்கள் செய்து, அதைப் பெண்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், நானும் ஒரு தட்டளவுக்கு அதைப் பயன்படுத்தினேன். முகூர்த்தத்தன்று நீ சொன்னபடியே எல்லாம் நடக்கட்டும். அவர்கள் வீடியோவில் வரட்டும், காசிமாயன் தட்டைத் தூக்கட்டும். சித்தார்த்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவன் ஒன்றும் பேச வேண்டாம், பேசாமல் சிரித்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும், நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. ஆறு வருடத்துக்கு முன் ஆவணி மாதம், மதுரை ஏர்போர்ட் வாசலில் அந்த நீலப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நீ உள்ளே போகும்போது, திரும்பிப் பார்த்துச் சொன்னாய், போயிட்டு வாரேம்மா என்று. க்ளைவ் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாததற்குக் காரணம் அதுதான். அவர்கள் நம் வழக்கம் தெரியாதவர்கள், அதனால் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம் தெரிந்தவள், ஊருக்கே சொல்லிக் கொடுப்பவள், நானும் போனை வைக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறேன். தை மாதம் அவர்கள் வருகிறார்கள். வீட்டில் இடம் இருக்கிறது, நீயும் கூட வரலாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மறைத்தாளென்று ஃப்ரேயாவிடம் முகம் சுளிக்காதே. இரண்டு பேரும் நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீடூழி இருக்க அழகர்கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது, இந்தத் தடவை பார்சலில் அனுப்ப வேண்டாம், கையில் கொண்டு வா.

இப்படிக்கு,
சிரித்துக்கொண்டு மட்டும் இருக்காத உன் அம்மா
மு. முத்துத்தாய்